மோட்டார் ரூம் சாவி யாரிடம் இருக்கிறது? நகரச் செயலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் ஊரின் எல்லாக் கட்சி நகரச் செயலாளர்களுக்கும்,

கட்சிப் பெயர் எதையும் போடாமல்தான் எழுதுகிறேன். போட்டால் எதிர்க்கட்சிக்காரன் எழுதச் சொன்னான் என்று ஒரே வரியில் முடித்துவிடுவீர்கள். ஊர்ப் பெயரும் வேண்டாம். மூன்று திசைக்கு ரயில் பிரிகிற ஊர், ரயில்வே காலனி ஓட்டு மட்டும் ஆயிரத்துக்குக் குறையாது, அவ்வளவு அடையாளம் போதும். நான் ரயில்வேயில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவன். தண்டவாளம் பராமரிக்கிற கேங்மேனாகச் சேர்ந்தேன், கடைசிப் பதினோரு வருடம் கேட் கீப்பர். இப்போது மூடிக் கிடக்கிறதே, ஊருக்கும் தெற்குத் தெருவுக்கும் நடுவில் இருந்த அந்த கேட், அதில் கடைசியாக டியூட்டி பார்த்தவர்களில் நானும் ஒருவன்.

விஷயம் இதுதான். வரப்போகிற நகராட்சித் தேர்தலில் காலனி வார்டுக்கு யார் யாரை நிறுத்துகிறீர்கள் என்ற பட்டியல் வாட்ஸப்பில் சுற்றுகிறது. இன்னும் அறிவிக்கவே இல்லை என்பீர்கள், சரி. ஆனால் அந்தப் பட்டியலில் இருக்கிறவர்கள் இப்போதே ஸ்டேஷன் டீக்கடையில் எல்லாருக்கும் காசு கொடுக்கிறார்கள், எங்களுக்குத் தெரியாதா? ஒருவர் ஃப்ளெக்ஸ் கடைக்காரர், ஒருவர் மனை போட்டு விற்பவர், இன்னொருவர் பழைய கவுன்சிலரின் மகன். அந்தப் பையன் என்னிடமே சொன்னான், "எனக்கு இதுல இஷ்டமே இல்ல மாமா, அப்பாதான் நிக்கச் சொல்றாரு" என்று. நல்ல பையன்தான். ஆனால் இவர்களில் ஒருவருக்குக்கூட வீடு இந்த வார்டில் இல்லை, ஒருவருக்குக்கூட இந்த ஊரைக் குறுக்கே வெட்டிப் போகிற தண்டவாளத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது.

இரண்டு மாதம் முன்னால் நாங்கள் பத்துப் பேர் உங்கள் கட்சி அலுவலகங்களுக்கு வரிசையாக வந்தோம், நினைவிருக்கிறதா? நூற்றுக்கு மேல் கையெழுத்து வாங்கிக்கொண்டு, எங்கள் காலனியிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பெண்மணியின் பெயரைக் கொடுத்தோம். புருஷன் லைனில் அடிபட்டுச் செத்தபிறகு கருணை அடிப்படையில் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். கேங்கில் ஆண்களோடு ஜல்லி அள்ளினார், பிறகு கேட்டில் இருந்தார், இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தார். கட்சி சின்னம் எதுவானாலும் சரி, யார் சீட் கொடுக்கிறீர்களோ அவர்களுக்குக் காலனி நிற்கும் என்றோம். உங்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ரயில்வேகாரங்களுக்கு டிக்கெட் கிழிக்கத்தானம்மா தெரியும், டிக்கெட் வாங்கத் தெரியாதே." சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். இன்னொருவர், "அது ஜெனரல் வார்டும்மா, லேடீஸ் வார்டு வந்தா பாப்போம்" என்றார். பெண்களுக்கு ஒதுக்கிய வார்டில்தான் பெண் நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று அந்த அம்மா கேட்டார். பதில் வரவில்லை, காபி வந்தது.

அந்தச் சிரிப்புக்காக இதை எழுதவில்லை. சிரிப்பெல்லாம் கேட்டில் எவ்வளவோ பார்த்தாயிற்று. கேட் சாத்தியிருக்கும்போது மோட்டார் சைக்கிள்காரன் திட்டாத திட்டா? எழுதவைத்தது கேட்டுக்குப் பதிலாகப் போட்ட அந்தச் சுரங்கப்பாதையும், அதில் தேங்கும் தண்ணீரை இறைக்க வேண்டிய மோட்டார் ரூமும்.

கேட்டை மூடிவிட்டுக் கீழே சுரங்கப்பாதை போடுவதற்கு நகராட்சி மன்றம் சம்மதம் தந்த தீர்மானத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வாங்கினேன். எட்டு வரி. 'ஏகமனதாக நிறைவேறியது' என்று முடிகிறது. அதற்கு முந்தைய பொருள் தெருநாய், பிந்தைய பொருள் பேருந்து நிலையக் கழிப்பறைக் குத்தகை. அந்தக் கூட்டத்தில் இருந்த ஒரு கவுன்சிலரிடமே கேட்டேன், வரைபடத்தைப் பார்த்தீர்களா என்று. "படம் இருந்துச்சுண்ணே, சுருட்டி வெச்சிருந்தாங்க" என்றார். பொய் சொல்லாததற்காக அவரை நான் மதிக்கிறேன், ஆனால் நடந்தது அதுதான். சுருட்டி வைத்திருந்த படத்துக்கு எல்லாரும் கை தூக்கியிருக்கிறீர்கள். எல்லாக் கட்சியும். இந்த ஊரில் நீங்கள் ஒற்றுமையாகச் செய்த காரியம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

அந்தப் படத்தை ஒரு கேங்மேன் பார்த்திருந்தால் என்ன கேட்டிருப்பான் தெரியுமா? பாதையின் அடிமட்டம் பக்கத்து வாய்க்காலின் அடிமட்டத்தைவிடத் தாழ்வாக இருக்கிறதே, ஐப்பசியில் வாய்க்கால் முட்டி ஓடும்போது தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று கேட்டிருப்பான். படித்துத் தெரிந்துகொள்கிற விஷயம் இல்லை இது. முப்பது ஐப்பசி அந்த வாய்க்கால் மதகு ஓரமாக, மழையில் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு, கரை அரிக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே நடந்தவனுக்குத் தெரியும். மோட்டார் வைத்துத்தான் இறைக்க வேண்டும் என்றால் மோட்டாரை யார் ஓட்டுவார், கரண்ட் பில்லை யார் கட்டுவார் என்றும் கேட்டிருப்பான். வைக்கோல் போர் ஏற்றின டிராக்டர் அந்த உயரத்துக்குள் நுழையுமா என்று கேட்டிருப்பான். நுழையாது. இப்போது நான்கு கிலோமீட்டர் சுற்றிப் போகிறது.

இன்னொன்றும் இருக்கிறது, இது உங்களில் யாருக்கும் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். ஒரு கேட்டுக்கு மேம்பாலம் தரலாமா என்று முடிவு செய்ய ரயில்வேயில் ஒரு கணக்கு உண்டு, டி.வி.யு. என்போம். ஒரு நாளில் ஓடும் ரயில்களின் எண்ணிக்கையை அந்த கேட்டைக் கடக்கும் வண்டிகளின் எண்ணிக்கையால் பெருக்குவார்கள். லட்சத்தைத் தாண்டினால், ரயில்வேயும் மாநில அரசும் செலவைப் பங்குபோட்டு மேம்பாலம் கட்டுவதற்கான பேச்சில் அந்த கேட் வலுவாக நிற்கும். இருசக்கர வண்டியை முழு வண்டியாக எண்ணமாட்டார்கள். நடந்து போகிறவர் கணக்கிலேயே இல்லை. தலையில் கூடை வைத்துக்கொண்டு ஆயிரம் பெண்கள் சந்தைக்குப் போனாலும் அந்தக் காகிதத்தில் அது சைபர்தான். எங்கள் கேட்டில் கணக்கெடுத்தபோது பள்ளிக்கூடம் லீவு, நெல் அறுவடையும் இல்லை. எண்ணிக்கை குறைந்து வந்தது. கணக்கெடுப்பை வேறு வாரத்தில் வையுங்கள் என்று நகராட்சி ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். எழுத வேண்டும் என்று தெரிந்தவர் யாரும் மன்றத்தில் இல்லை. நான் அப்போது டியூட்டியில் இருந்தவன், வாயைத் திறக்க முடியாது. திறந்தால் சார்ஜ் ஷீட்.

போன ஐப்பசிக்கு வருகிறேன். மூன்று நாள் மழை. நான்காம் நாள் காலையில் சுரங்கப்பாதையில் இடுப்பளவு தண்ணீர். தெற்குத் தெருவில் ஒரு பெரியவர் தவறிவிட்டார், சுடுகாடு இந்தப் பக்கம். அமரர் ஊர்தி வந்து பள்ளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது, சுற்றுப்பாதையிலும் பாலம் உடைந்து கிடந்தது. கடைசியில் பாடையைத் தண்டவாளத்தின் மேலேயே தூக்கிக்கொண்டு போவது என்று முடிவாகிவிட்டது. கேட் இருந்த காலத்தில் அந்த இடத்தில் கடப்பது ஊரின் உரிமை. கேட்டை மூடியபின் அதே இடத்தில் அதே தண்டவாளத்தைத் தாண்டினால் ரயில்வே சட்டம் 147ஆவது பிரிவில் குற்றம், ஆறு மாதம் வரை உள்ளே போகலாம், ஆயிரம் ரூபாய் வரை அபராதம். எட்டு வரித் தீர்மானம் ஒரு தெருவையே குற்றவாளியாக்கிவிட்டது.

"அடுத்த பாசஞ்சர் வர இருபது நிமிஷம் இருக்கு, தூக்குங்கப்பா" என்றான் ஒரு பையன், கையில் செல்போனில் டைம் டேபிள். நீங்கள் சீட் மறுத்தீர்களே, அந்த அம்மா அங்கே நின்றிருந்தார். "கூட்ஸ் வண்டிக்கு டைம் டேபிள் கிடையாதுடா" என்றார். அவ்வளவுதான் சொன்னார், பாடையை இறக்கிவைத்துவிட்டார்கள். அவரே ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, என்ன வண்டி எங்கே விட்டிருக்கிறது என்று கேட்டார். கேட்டபடியே நெல் ஏற்றக் காலி வேகன்களோடு ஒரு கூட்ஸ் பக்கத்து ஸ்டேஷனைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. அது போகிறவரை எல்லாரும் மழையில் நின்றோம். பறை அடிக்கிறவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். வண்டியின் பின்னால் இருக்கும் கடைசி வண்டி அடையாளத்தைப் பார்த்து, வண்டி முழுசாகப் போய்விட்டது என்று உறுதி செய்துகொண்டு, வளைவில் என்னை ஒரு பக்கம் நிறுத்தி, தான் மறுபக்கம் நின்றுகொண்டு, "இப்பப் போங்க" என்றார். ஜல்லியில் கால் பிசகாமல் எட்டுப் பேர் பாடையைத் தூக்கிக்கொண்டு கடந்தார்கள். செய்தது சட்டப்படி தப்புதான். ஆனால் வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்கு இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

அதன் பிறகுதான் மோட்டார் ரூம். சுரங்கப்பாதை ஓரமாக ஒரு சின்ன அறை இருக்கிறது, தண்ணீர் இறைக்கும் மோட்டார் அதற்குள். வெளியே பூட்டு. சாவி எங்கே என்று நகராட்சி ஆபீசில் கேட்டால் ரயில்வேயிடம் என்றார்கள். ரயில்வே ஆபீசில் போய்க் கேட்டால், எப்பவோ நகராட்சியிடம் ஒப்படைத்தாயிற்று, கையெழுத்து வாங்கியிருக்கிறோம் என்றார்கள். கையெழுத்துப் போட்டவர் மாற்றலாகிப் போய்விட்டார். காண்டிராக்டர் போனை எடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து இளைஞர்கள் பூட்டை உடைத்தார்கள். உள்ளே மோட்டார் இருந்தது, புதுசு, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. கரண்ட் கனெக்‌ஷன் இல்லை. ஒயர் சுவரோடு நின்றிருந்தது. அடுத்த வாரமே யாரோ வந்து அறைக்குப் புதுப் பூட்டு போட்டுவிட்டுப் போனார்கள். ரொம்ப சுறுசுறுப்பு. அந்தப் புதுப் பூட்டின் சாவி யாரிடம் என்பதும் இன்றுவரை தெரியவில்லை.

'ரயில்வே மத்திய அரசு விவகாரம், கவுன்சிலரோ எம்.எல்.ஏ.வோ என்ன செய்ய முடியும்' என்று மேடையில் பேசுகிறீர்கள். பாதி உண்மை. தண்டவாளம் மத்திய அரசுடையது. ஆனால் தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் இருக்கிற சாலை யாருடையது? வடிகால் யாருடையது? மேம்பாலத்துக்கு ரயில்வே தன் பங்காகத் தண்டவாளத்துக்கு மேலே ஒரு துண்டைக் கட்டிவிட்டுப் போய்விடும், இரண்டு பக்கமும் இறங்கும் பாதைக்கு நிலம் எடுத்துத் தருவது மாநிலத்தின் வேலை. அந்தத் துண்டுப் பாலங்கள் அந்தரத்தில் நிற்பதைத் தமிழ்நாட்டில் எத்தனை ஊரில் பார்த்திருக்கிறோம். ரயில்வே போலீஸ்கூட மாநில அரசின் கீழேதான் வருகிறது, அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. காலனி ரோட்டில் சங்கிலி அறுத்தால் இவர் எல்லையா அவர் எல்லையா என்று இரண்டு காவல் நிலையத்துக்கும் நடக்கிறோமே, அந்த இரண்டுமே சென்னையிலிருந்து சம்பளம் வாங்குகிற நிலையங்கள்தான்.

காலனியை நீங்கள் ஏன் கண்டுகொள்வதில்லை என்று எனக்குத் தெரியும். ரயில்வே சொத்து மத்திய அரசின் சொத்து, அரசியலமைப்பின் 285ஆவது பிரிவின்படி அதற்கு நகராட்சி சொத்துவரி போட முடியாது. சேவைக் கட்டணம் என்று ஏதோ பேசி வாங்கலாம், அதையும் யாரும் ஒழுங்காகக் கேட்டு வாங்குவதில்லை. வரி வராத இடத்துக்கு எதற்குத் தெருவிளக்கு என்று ஒரு அதிகாரி என் முகத்துக்கு நேராகவே கேட்டார். ஓட்டுக்கு மட்டும் வருகிறீர்கள். அதுவும் சாயங்காலம் ஆறு மணிக்குமேல் வருகிறீர்கள், பாதிப் பேர் அப்போது நைட் டியூட்டிக்குக் கிளம்பியிருப்பார்கள்.

ரயில்வேகாரனுக்கும் அரசியலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவருக்காகக் கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன். பொறுமை இருந்தால் படியுங்கள்.

என் தாத்தா நாகப்பட்டினம் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். பட்டறையைப் பொன்மலைக்கு மாற்றியபோது அவரும் சட்டிபானையோடு திருச்சிக்கு வந்தார். அந்தச் சமயத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வேலையைவிட்டு அனுப்பக் கம்பெனி முடிவு செய்ததில்தான் 1928 தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தம் வெடித்தது. அதற்காகச் சிறைக்குப் போன சிங்காரவேலர் சென்னை மாநகராட்சி மன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். கவுன்சிலர், கவனியுங்கள். 1946 செப்டம்பர் 5ஆம் தேதி பொன்மலை சங்கத்திடலில் போலீஸ் சுட்டு ஐந்து தொழிலாளர்கள் செத்தார்கள். ஒவ்வொரு செப்டம்பரிலும் அப்பா எங்களை அங்கே கூட்டிப்போவார், எதற்கு என்று எனக்கு வேலைக்குச் சேர்ந்தபிறகுதான் புரிந்தது. அந்தத் தொழிற்சங்கத்திலிருந்து வந்தவர்தான் ஆனந்த நம்பியார், 1952இல் மாயூரத்திலிருந்தும் 1962, 1967இல் திருச்சியிலிருந்தும் நாடாளுமன்றம் போனார். அவருக்குப் பின் 1971லும் 1977லும் அதே திருச்சியிலிருந்து போன எம். கல்யாணசுந்தரமும் பொன்மலைத் தொழிலாளர்களோடு வளர்ந்த தலைவர்தான். இதெல்லாம் ஏதோ வடக்கத்தி கதை இல்லை, நம் காவிரிக்கரைக் கதை.

வெள்ளைக்காரன் ஆட்சியின் கடைசியில்கூட, 1935 சட்டப்படி, மாகாணச் சட்டமன்றங்களில் தொழிலாளர்களுக்கென்று சில தொகுதிகள் ஒதுக்கியிருந்தார்கள். வங்காளத்தில் 1946இல் ரயில்வே தொழிலாளர் தொகுதியில் நின்று ஜெயித்துத்தான் ஜோதிபாசு முதன்முதலாகச் சட்டமன்றத்துக்குள் நுழைந்தார். அவர் இஞ்சினுக்குக் கரி அள்ளிப் போட்டவர் இல்லை, லண்டனில் பாரிஸ்டர் படித்தவர், ஆனால் ரயில்வே சங்கத்தில் கிடந்து வேலை செய்தவர். 1977இலிருந்து 2000 வரை முதலமைச்சர்.

ஆஸ்திரேலியாவில் சிஃப்லி என்று ஒருவர் இருந்தார். இந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும், சங்க நூலகத்தில் ஒரு பழைய புத்தகத்தில்தான் தெரிந்துகொண்டேன். 1903இல் ரயில்வேயில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்து 1914இல் இஞ்சின் டிரைவர் ஆனார். 1917 வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டதற்காக வேலையைப் பிடுங்கினார்கள், திரும்ப எடுத்தபோது பதவியைக் குறைத்துத்தான் எடுத்தார்கள். 1933இல் உள்ளூர் மன்றத்தில் உறுப்பினர் ஆனார், நம் ஊர் ஊராட்சி ஒன்றியம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். 1945இல் நாட்டுக்கே பிரதமர். பிரதமரான பிறகும் 1947 வரை அந்த உள்ளூர் மன்றத்தைவிட்டுப் போகவில்லை. உங்களில் ஒருவருக்கு வாரியப் பதவி கிடைத்ததும் வார்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாரே, அவருக்கு இதை யாராவது படித்துக் காட்டுங்கள்.

அமெரிக்காவில் யூஜின் டெப்ஸ் பதினாலு வயதில் ரயில்வே வேலைக்குப் போனவர், இஞ்சினில் ஃபயர்மேனாக இருந்தவர். 1879இல் டெர்ரே ஹோட் என்கிற ரயில் ஊரில் நகராட்சி எழுத்தராகத் தேர்தலில் நின்று ஜெயித்தார், 1884இல் மாநிலச் சட்டமன்றத்துக்கு. பிறகு பெரிய தொழிற்சங்கத் தலைவரானது எல்லாருக்கும் தெரிந்தது.

ரயில்வேயிலிருந்து வந்தாலே உத்தமன் என்று சொல்லவரவில்லை. அதே அமெரிக்காவில் லேலண்ட் ஸ்டான்ஃபோர்ட் ஒரு ரயில் கம்பெனியின் தலைவர், 1862லிருந்து 1863 வரை கலிஃபோர்னியாவின் ஆளுநர், இரண்டு நாற்காலியிலும் ஒரே சமயத்தில் உட்கார்ந்திருந்தார். ஆளுநராகக் கையெழுத்துப் போட்ட சட்டங்களில் தன் கம்பெனிக்கு அரசு உதவி தருகிற சட்டங்களும் உண்டு. 1869இல் அந்த லைன் முடிந்தபோது தங்க ஆணி அடித்ததும் அவரேதான். ஜல்லி சப்ளை, கேண்டீன் குத்தகை, பார்க்கிங் குத்தகை எடுப்பவர்களை 'ரயில்வே பிரதிநிதி' என்று காட்டி சீட் கொடுத்தால் எங்களுக்குக் கிடைப்பது ஸ்டான்ஃபோர்டுதான், அதுவும் சின்ன சைஸில்.

பெரிய அதிகாரிகளைக் கேட்கிறோம் என்றும் நினைக்காதீர்கள். 1964 டிசம்பர் புயலில் பாம்பன் பாலம் சிதைந்தபோது 46 நாளில் சரிசெய்த ஸ்ரீதரன், 2021இல் 88 வயதில் பாலக்காடு சட்டமன்றத் தொகுதியில் நின்று 3,859 ஓட்டில் தோற்றார். அவர் கட்சி எனக்கு ஒத்துவருமா என்பது வேறு பேச்சு. ஒரு ரயில்வே இஞ்சினியரை நம்பி அத்தனை பேர் ஓட்டுப் போட்டார்கள் என்பதை மட்டும் பார்க்கிறேன். ஆனால் அப்படிப்பட்டவர்களைக் கட்சிகள் போஸ்டரில் முகத்துக்காகக் கூப்பிடுகின்றன. எங்களுக்கு வேண்டியது முகம் இல்லை. வாய்க்கால் அடிமட்டம் தெரிந்த ஒரு ஆள்.

வேலையில் இருக்கும்போதே நிற்க வேண்டியதுதானே என்று சிலர் கேட்பார்கள். முடியாது. ரயில்வே ஊழியர் நடத்தை விதிகள், 1966, அதில் ஐந்தாவது விதி, ஊழியர் எந்தக் கட்சியிலும் இருக்கக்கூடாது, ஓட்டுப் போடுவதைத் தவிரத் தேர்தல் பக்கம் போகக்கூடாது. அது சரியான விதி என்றுதான் நானும் நினைக்கிறேன், கேட் கீப்பர் கட்சிக்கொடி கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் நன்றாகவா இருக்கும். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். முப்பது நாற்பது வருடம் ஊரின் எல்லாப் பிரச்சினையையும் கண்ணால் பார்த்துக்கொண்டு வாயை மூடியிருக்கிறோம், அறுபது வயதில் வாய் திறந்தால், "ரிட்டயர் ஆயிட்டீங்க, பேரப்பிள்ளையைப் பாத்துக்குங்க" என்கிறீர்கள். அப்போ எப்போதுதான் பேசுவது?

1974 மே மாதம் இருபது நாள் நடந்த வேலைநிறுத்தத்தில் நாடு முழுக்க லட்சக்கணக்கானவர்கள் இறங்கினார்கள். எங்கள் காலனியில் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிப் போலீஸ் வந்தபோது பெண்கள்தான் வாசலில் நின்றார்கள் என்று அம்மாக்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதை முன்னால் நின்று நடத்திய ஜார்ஜ் ஃபெர்னாண்டஸ் 1989இல் ரயில்வே அமைச்சராகவே ஆனார். அதாவது மேலே போக வழி இருந்திருக்கிறது. கீழே, எங்கள் வார்டில், அதுதான் அடைத்துக் கிடக்கிறது. எங்கள் சங்கங்களையும் இதில் சும்மா விடமாட்டேன். மே தின ஊர்வலத்துக்கு ஆள் சேர்க்கிறவர்கள், நகராட்சிக் கூட்டத்தில் ரயில்வே சம்பந்தப்பட்ட பொருள் வருகிற நாளில் பார்வையாளர் வரிசையில் ஒரு ஆளை உட்காரவைக்கவில்லை.

சரி, கேட்பதைக் கேட்டுவிடுகிறேன்.

காலனி வார்டு வேட்பாளரை இறுதி செய்வதற்குமுன், எல்லாக் கட்சியும் காலனி சமுதாயக் கூடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், காலை பத்து மணிக்கு, அப்போதுதான் நைட் முடித்தவர்களும் தூங்கப் போகுமுன் வர முடியும். நாங்கள் கொடுத்த பெயரை மறுபடி பாருங்கள். அந்த அம்மா வேண்டாம் என்றால் ரயில்வேயில் வேலை பார்த்த வேறு யாரையாவது நிறுத்துங்கள், ஆனால் 'வேண்டாம்' என்பதற்குக் காரணத்தை அவர் எதிரில் சொல்லுங்கள். 'டிக்கெட்' நகைச்சுவையைக் காரணமாக எடுத்துக்கொள்ள மாட்டோம்.

ரயில்வே சம்பந்தப்பட்ட எந்தத் தடையின்மைச் சான்றும், எந்த கேட்டை மூடும் சம்மதமும், அந்த வார்டு மக்கள் கூட்டத்தில் வரைபடத்தை விரித்து வைத்துக் காட்டாமல் நகராட்சி மன்றத்துக்கு வரக்கூடாது என்று உங்கள் உறுப்பினர்கள் தீர்மானம் கொண்டுவர வேண்டும். ஏகமனதாக நிறைவேற்றத்தான் உங்களுக்குத் தெரியுமே. வடக்குப் பக்க கேட்டையும் மூடப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. அங்கே வாகனக் கணக்கெடுப்பு நடக்கும்போது, அது பள்ளி நாளாகவும் அறுவடை நாளாகவும் இருக்க வேண்டும் என்று நகராட்சித் தலைவரும் எம்.எல்.ஏ.வும் இப்போதே ரயில்வேக்கும் கலெக்டருக்கும் எழுத வேண்டும். எழுதிய கடிதத்தின் நகலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

கோட்ட அளவிலான ரயில் பயணிகள் ஆலோசனைக் குழுவுக்கு எம்.பி., எம்.எல்.ஏ. சிபாரிசில் போகிறவர்கள் தினமும் பாசஞ்சரில் வேலைக்குப் போய்வருகிறவர்களாக இருக்கட்டும். போனமுறை போனவருக்குச் சொந்தமாக மூன்று கார். காலனிக்குச் செய்த சேவைக்குக் கட்டணம் என்று ரயில்வேயிடம் நகராட்சி எவ்வளவு கேட்டது, எவ்வளவு வந்தது என்ற கணக்கை அடுத்த கூட்டத்தில் வையுங்கள். வரி வரவில்லை என்ற பேச்சை அதற்கப்புறம் பேசலாம்.

கடைசியாக, மோட்டார் ரூம். கரண்ட் கனெக்‌ஷனுக்கு யார் பணம் கட்ட வேண்டும், யார் பெயரில், சாவி எந்த ஆபீசில் எந்த ஆணியில் தொங்கும், ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் ஏறினால் எந்த நம்பருக்குப் போன் செய்ய வேண்டும், இதை அந்த அறைக் கதவிலேயே பெயிண்டில் எழுதிவையுங்கள். ஐப்பசி பிறப்பதற்குள் எழுதிவிடுங்கள். பெயிண்டுக்குக் காசு இல்லை என்றால் காலனியில் வசூல் செய்து தருகிறோம், எழுதுவதற்கு நானே வருகிறேன். கேட் பலகை எழுதிப் பழகின கை இது.

இப்படிக்கு,
மூடிய கேட்டின் பழைய கேட் கீப்பர்